இரத்தத்தில் ஒரு குறிப்பு

எனக்கு முதலில் நோவு வரவில்லை. காய்ச்சலும் வரவில்லை. எங்கள் ஊர் மருத்துவிச்சி தேநீர் வேண்டாம் என்றார். என் கதை அங்கேதான் தொடங்குகிறது.

எண்பத்தைந்தாம் ஆண்டு, புத்தூரில் எங்கள் வீடு. அப்போது மூன்றாவது முறையாகக் கர்ப்பமாகி மூன்று மாதம் ஆகியிருந்தது. மருத்துவிச்சியை நாங்கள் மிஸி என்போம். சைக்கிளில் வருவார், தேநீர் குடிப்பார், ஊர்ப் புதினம் நாலைச் சொல்லிவிட்டுத்தான் என் வயிற்றைப் பார்ப்பார். அன்று வாசல் படலையடியிலேயே நின்று, மாமி வீட்டில் இருக்கிறாரா என்று கேட்டார். மாமி என் கணவரின் தாயார். எனக்குத் தாய் இல்லாததால் அளவெட்டியிலிருந்து என்னைப் பார்க்க வந்திருந்தார். கோயிலுக்குப் போய்விட்டார் என்றேன். மிஸி பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார்.

"பயப்பிடாதைங்கோ ரீச்சர். இதுக்கு மருந்து இருக்கு. ஆனா உங்கடை அவரும் வந்து இரத்தம் குடுக்க வேணும்."

தேநீர் வைக்கவா என்று கேட்டேன். வேண்டாம் என்று சைக்கிளைத் திருப்பிக்கொண்டார்.

கர்ப்பிணிகள் எல்லோருக்கும் கிளினிக்கில் வழமையாகச் செய்யும் பரிசோதனைதான் அது. வி.டி.ஆர்.எல். (மேகநோய் எனப்படும் பாலியல் தொற்று இருக்கிறதா என்று பார்க்கும் இரத்தப் பரிசோதனை). என் தாளில் பொசிற்றிவ் என்று இருந்தது. நான் கணித ஆசிரியை. பொசிற்றிவ் என்றால் நேர் எண், பூச்சியத்துக்கு வலப் பக்கம் இருப்பது என்று பிள்ளைகளுக்குப் பத்து வருடமாகச் சொல்லிக்கொடுத்தவள். அந்தச் சொல்லைப் பார்த்துப் பயந்தது அன்றுதான்.

ஊரில் அந்த நோய்க்குப் பறங்கிப்புண் என்று ஒரு பெயர் உண்டு. கடல் கடந்து வந்தவர்கள் கொண்டுவந்தது என்று அர்த்தம். என் கணவரும் கடல் கடந்து வந்தவர்தான். எண்ணெய்க் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை. வருடத்தில் பத்து மாதம் எந்தத் துறைமுகத்தில் நிற்கிறார் என்று கடிதம் வந்த பிறகே எனக்குத் தெரியும். நான் கர்ப்பமானதால் அந்த முறை லீவை நீட்டிக்கொண்டு வீட்டில் நின்றார்.

இதை வாசிப்பவர்களில் யாராவது இப்படி ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கலாம். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். ஆகவே என்னைப் பற்றி நல்லதாக மட்டும் எழுதப்போவதில்லை. மூன்று நாள் அவருக்குச் சோறு போட்டேன், தண்ணீர் வைத்தேன், முகத்தைப் பார்க்கவில்லை. அவர் அதை மசக்கை என்று நினைத்து, எங்கெங்கோ அலைந்து புளிமாங்காய் வாங்கி வந்து தந்தார். நான் அதைத் தொடவில்லை. மாமிதான் உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுத் தின்றார்.

நான்காம் நாள், மாமி கிணற்றடியில் இருந்த நேரம், தாளை அவர் முன்னால் வைத்தேன். இரண்டு தரம் வாசித்தார். கப்பலில் இப்படித் தாள்களைக் கண்டிருப்பார் போலும், எனக்கு விளங்கப்படுத்தத் தேவையிருக்கவில்லை.

"நான் பிழை செய்யேல்லை," என்றார். "நாளைக்கே இரத்தம் குடுக்கிறன்."

கொடுத்தார். அவருடைய முடிவு ஒரு கிழமையில் வந்தது. அவருக்கு ஒன்றும் இல்லை. எனக்கு இரண்டாம் முறை எடுத்தார்கள், மறுபடியும் பொசிற்றிவ். அந்த மூன்று நாளும் நான் அவருக்கு வைத்திருந்த கேள்வி, இப்போது திரும்பி என் வாசலில் வந்து நின்றது.

அவர் கத்தவில்லை. பின்னேரம் முழுவதும் வெங்காயத் தோட்டத்துப் பக்கம் நடந்துவிட்டு வந்து, மெதுவாக ஒரே ஒரு கேள்வி கேட்டார். இரண்டாவது பிள்ளை வயிற்றிலேயே போன நேரம் ஆஸ்பத்திரியில் எனக்கு இரத்தம் ஏற்றினார்களா என்றார். ஏற்றினார்கள்தான். "அதாலை வந்திருக்கும்," என்று உடனே சொன்னார், மூச்சை விட்டார். எனக்காக ஒரு வழி தேடிக் கண்டுபிடித்துக்கொண்டு வந்திருக்கிறார் என்று விளங்கியது. அது அன்புதான். ஆனாலும் எனக்கு வழி ஒன்று தேடவேண்டியிருந்ததே என்று கோபம் கோபமாக வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வரும். வந்தால் திகைக்காதீர்கள்.

உண்மையில் எங்கள் இருவருக்கும் முன்னால் இருந்த பயம் வேறு. எனக்கு முதற் பிள்ளை மூன்றாம் மாதம் போனது. இரண்டாவது ஐந்தாம் மாதம், துடித்துக்கொண்டிருந்த பிள்ளை, ஒருநாள் துடிக்கவில்லை. இந்த மூன்றாவதும் போனால் நான்காவது என்று ஒன்றை நினைக்க எனக்குத் தெம்பில்லை. எனக்கு முப்பத்தைந்து வயது. இந்த இரத்தத்தில் பிள்ளை தங்குமா என்பதே கேள்வி. மற்ற மானம் மரியாதையெல்லாம் அதற்குப் பிறகுதான் என்று இப்போது எழுத முடிகிறது. அப்போது அப்படித் தோன்றவில்லை.

மருந்து தொடங்க முன்னர் ஒரு நிபுணரைப் பார்க்கச் சொல்லிக் கடிதம் தந்தார்கள். யாழ்ப்பாணப் பட்டினத்தில், நீளமான விறாந்தை ஒன்றில், வாங்குப் பலகையில் அரை நாள் உட்கார்ந்திருந்தோம். உள்ளே இருந்த டொக்டர் மெலிந்த மனிதர். பேனாவை மூடாமல் சட்டைப்பையில் வைத்ததால் மை ஊறியிருந்தது. தாளைப் பார்த்துவிட்டு ஒரு ஓரமாக வைத்தார். பிறகு, எங்களிடம் இதுவரை யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"முதல் ரெண்டு பிள்ளையளும் எப்பிடிப் போனதெண்டு சொல்லுங்கோ, தங்கச்சி. அவசரமில்லை."

சொன்னேன். எல்லாவற்றையும் எழுதினார். காலையில் எழும்பும்போது விரல் மூட்டுகள் விறைத்திருக்குமா? ஓம், வகுப்பில் சுண்ணக்கட்டி பிடித்துப் பிடித்து வந்தது என்று நினைத்திருந்தேன். வெயிலில் போனால் முகம் சிவக்குமா? சில வேளை. வாய்ப்புண், தலைமயிர் கொட்டுதல்? இரண்டும் ஊரில் யாருக்கு இல்லை என்றேன். அவர் சிரித்தார்.

பிறகு விளங்கப்படுத்தினார். நான் விளங்கிக்கொண்ட அளவில் எழுதுகிறேன். அந்தப் பரிசோதனை மேகநோய்க் கிருமியை நேரில் தேடுவதில்லை. கிருமி வந்தால் உடல் உண்டாக்கும் ஒருவகைப் பிறபொருளெதிரியைத்தான் (நோயை எதிர்க்க இரத்தத்தில் உருவாகும் பொருள்) தேடுகிறது. சிலருடைய உடல், கிருமி எதுவும் வராமலே அதை உண்டாக்கிவிடும். அப்படிப்பட்டவர்களில் சிலருக்கு நச்சுக்கொடியில் இரத்தம் கட்டிப் பிள்ளை தங்காமல் போகலாம். அவர்களில் சிலருக்குப் பின்னாளில் லூப்பஸ் (உடலின் காவலே சொந்த மூட்டு, தோல், சிறுநீரகங்களைத் தாக்கும் நோய்) வரலாம். இதெல்லாம் வெளிநாட்டில் இப்போதுதான் எழுதத் தொடங்கியிருக்கிறார்கள், சரியோ பிழையோ பார்ப்போம் என்றார். பார்க்க இரண்டு பரிசோதனைகள் வேண்டும். கிருமியையே குறிவைத்துத் தேடுவது ஒன்று. மற்றது ஏ.என்.ஏ. (சொந்த உயிரணுக்களின் கருவையே எதிரி என்று எண்ணும் பிறபொருளெதிரிகளைத் தேடுவது). இரண்டையும் கொழும்பில்தான் செய்யலாம்.

இரத்தத்தை என் கணவரே கொண்டுபோனார். ஐஸ் போட்ட பிளாஸ்கில், மஞ்சள் நிறத் தெளிநீராகப் பிரித்தெடுத்த இரண்டு குப்பிகள். ஆனையிறவில் இராணுவத்தினர் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்களாம். சிப்பாய் ஒருவன் பிளாஸ்கைத் திறந்து, குப்பியை வெளிச்சத்தில் பிடித்து, இது என்ன என்று கேட்டிருக்கிறான். இவர் கப்பல் ஆங்கிலத்தில், மனைவியின் இரத்தம், பிள்ளைக்காக என்றாராம். அவன் குப்பியைத் திரும்ப ஐஸுக்குள் வைத்து, மூடியை இறுக்கி மூடிக் கொடுத்தானாம். இதைச் சொல்லும்போதெல்லாம், அவன் நல்லாக இறுக்கித்தான் மூடினவன் என்று இவர் சேர்த்துச் சொல்வார்.

மூன்று கிழமை கழித்து முடிவு வந்தது. அன்று மாமியும் எங்களோடு வந்தார். இருவரும் ஏதோ ஒளிக்கிறோம் என்று அவருக்கு மணந்துவிட்டது. விறாந்தையில் இருங்கோ என்றால் கதவுக்குள் ஒரு கால் வைத்துக்கொண்டு நின்றார்.

டொக்டர் தாளை எங்கள் பக்கம் திருப்பி விரலால் காட்டினார். மேகநோய் இல்லை. ஏ.என்.ஏ. பொசிற்றிவ்.

"இது ஒரு குறிப்பு மட்டும்தான், தங்கச்சி," என்றார் டொக்டர். "நோய் இல்லை. இந்தக் குறிப்பு இருக்கிற கனபேருக்கு ஒண்டும் வராது. சிலபேருக்குப் பத்து வரியம் கழிச்சு வரும்."

எத்தனை வீதம் என்று கேட்டேன். நிகழ்தகவு படிப்பிக்கிறவள் வேறு என்ன கேட்பாள்? வீதம் சொன்னால் அதைப் பிடித்துக்கொண்டு இருப்பீர்கள், சொல்ல ஏலாது என்பதுதான் உண்மை என்றார். பிள்ளை தங்குவதற்கு, நான் ஒரு நாளைக்கு அஸ்பிரின் குளிசை ஒன்றில் கால் துண்டு எடுக்க வேண்டும். இரத்தம் கட்டாமல் இருக்க. அவ்வளவுதான். (இது அந்த டொக்டர் எனக்குச் சொன்னது. நீங்களாக எடுத்துக் குடிக்க வேண்டாம்.)

வெளியே வந்ததும் இவர் நேரே கடைக்குப் போய் ஒரு பொட்டலம் மஸ்கற் இனிப்பு வாங்கி வந்தார். பஸ் நிலையத்தில் நின்றுகொண்டு மூன்று பேரும் தின்றோம். யோசித்துப் பார்த்தால் எங்களுக்கு மூளை கலங்கித்தான் இருக்க வேண்டும். ஊசியால் மாறிவிடக்கூடிய மேகநோய் எனக்கு இல்லை, மாற்றவே முடியாத நோய் ஒன்று வரலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்கு இனிப்புத் தின்கிறோம். ஆனால் என் வாழ்க்கையில் அதைப்போல ருசியான மஸ்கற்றை நான் தின்றதில்லை.

மாமி தண்ணீர் குடிக்கப் போன இடைவெளியில் இவர் கேட்டார்.

"நீர் என்னைச் சந்தேகப்பட்டனீர் என்ன?"

"ஓம். நீங்களும்தானே."

"ஓம்," என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஒரு பின்னேரம்."

நான் மூன்று நாள். அவர் ஒரு பின்னேரம். கணக்குப் பார்த்தால் கடன் என் பக்கம்தான் என்று சொல்லி அழுதேன். பஸ் நிலையத்தில் நாலு பேர் பார்க்க அழுவது எனக்கு வழக்கமில்லை. அன்று அழுதேன், நெஞ்சுப் பாரம் இறங்கியது.

வீட்டுக்கு வந்தோம். மாமி உடுப்புக்கூட மாற்றவில்லை. குசினி வாசலில் குந்தியிருந்தார், முகம் கறுத்துப்போயிருந்தது. என்ன மாமி என்று கேட்டேன். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"டொக்டருக்கும் தெரிஞ்சு போச்செல்லோ, பிள்ளை?"

"என்னத்தை?"

"குறிப்பிலை பிழை எண்டு."

எங்கள் ஊரில் குறிப்பு என்றால் சாதகம். கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்க்கும் குறிப்பு. டொக்டர் இரத்தத்தில் குறிப்பு இருக்கிறது என்றதை, கதவுக்குள் ஒரு கால் வைத்து நின்ற மாமி, குறிப்பில் குற்றம் இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். பஸ்ஸில் வந்த வழி முழுவதும் அதை நெஞ்சில் வைத்துப் புழுங்கியிருக்கிறார். இப்போது எல்லாவற்றையும் கொட்டினார். தன் மகனுக்கு ஏழாம் இடத்தில் செவ்வாய். என் குறிப்பில் செவ்வாய்க் குற்றம் இல்லை. பொருந்தாது. ஆனால் அவருக்கு என்னைப் பிடித்துவிட்டது. ஆகவே சாத்திரியாரைப் பிடித்து மகன் பிறந்த நேரத்தை மாற்றி வேறு குறிப்பு எழுதுவித்திருக்கிறார்.

"அரை மணித்தியாலந்தான் தள்ளி எழுதுவிச்சனான்," என்றார். "அதாலைதான் உன்ரை ரெண்டு குஞ்சுகளும் போனது. நான்தான் திண்டனான்."

நானும் இவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். முதலில் அவர்தான் சிரித்தார். பிறகு நான். ஒன்றரை மாதமாகச் சிரிக்காத சிரிப்பு, அடக்க முடியவில்லை. மாமி எங்களைப் பைத்தியங்களைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அந்தப் பார்வையில் என் சிரிப்பு நின்றது. இரண்டாவது பிள்ளை போன நாளிலிருந்து மாமி செவ்வாய்க்கிழமைகளில் சோறு தின்பதில்லை. எனக்குக் காட்டத்தான் விரதம் பிடிக்கிறார் என்று மனதுக்குள் நான் சொல்லிக்கொண்டதுண்டு. அவர் அருகில் போய்க் குந்தினேன். அது வேறு குறிப்பு மாமி, என்ரை இரத்தத்திலை இருக்கிறது, உங்கடை மகன்ரை செவ்வாயிலை ஒரு குற்றமும் இல்லை என்றேன். மேகநோய்க் கதையைச் சொல்லவில்லை. அதை அவர் கடைசிவரை அறியவில்லை.

சேலைத் தலைப்பை வாயிலிருந்து எடுத்தார்.

"அப்ப உதுவும் செவ்வாய் மாதிரித்தானோ? இருக்கும், ஆனா கெடுதல் செய்யவேணுமெண்டு இல்லை?"

டொக்டர் அரை மணித்தியாலம் சொன்னதை நான் அப்போதுதான் சரியாக விளங்கிக்கொண்டேன்.

"டொக்டர் என்ன பரிகாரம் சொன்னவர்?" என்று அடுத்துக் கேட்டார். கால் துண்டுக் குளிசை என்றேன். இவ்வளவு பெரிய குற்றத்துக்கு அவ்வளவுதானா என்பதுபோல உதட்டைப் பிதுக்கினார். ஆனால் அன்று முதல் அந்தப் பொறுப்பு அவருடையது. பாக்குவெட்டியால் குளிசையை நாலாக வெட்டி, ஒரு துண்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வந்து நிற்பார். நான் விழுங்கும்வரை போகமாட்டார். செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் தலை முழுகிவிட்டு வந்து தருவார். அதைத் தடுக்க எந்த மருத்துவத்திலும் இடமில்லை.

நாலாம் மாதம் கழிந்தது. ஐந்தாம் மாதம் வந்தது. அந்த மாதம் நான் பாடம் நடத்தும்போதும் ஒரு கை வயிற்றில்தான் இருந்தது. பிள்ளை துடிக்காமல் இருந்த நேரங்களில் நானும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பேன். இவர் கப்பலுக்குத் திரும்பவில்லை. வேலை போனால் போகட்டும் என்று கடிதம் எழுதிப் போட்டுவிட்டு வெங்காயம் நட்டார். ஆறாம் மாதம், ஏழாம் மாதம். நாள் வருவதற்கு மூன்று கிழமை முன்பே பிள்ளையை எடுத்துவிடுவது நல்லது என்றார்கள். பெண் பிள்ளை. நிறை காணாது, நிறம் சிவப்பு, சத்தம் மட்டும் வீட்டுக்கூரை பறக்கும் அளவுக்கு. அந்தச் சத்தத்தைக் கேட்டபோது எனக்கு அழுகை வரவில்லை. பசித்தது. ஏதாவது தின்னத் தாருங்கள் என்று கேட்டேன்.

இந்தக் கட்டுரையை இங்கே முடித்திருக்கலாம். ஆனால் குறிப்பு பிள்ளையோடு வெளியே போகவில்லை. அது என்னுடனேயே இருந்தது.

அடுத்த சில வருடங்கள் அந்த டொக்டரிடம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை போனேன். வெயிலில் குடை, விரல் வீங்கினால் வந்து காட்ட வேண்டும், சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பார். சிறுநீரகம் தாக்கப்பட்டால் முதலில் தெரிவது அங்கேதான். பிறகு தொண்ணூறாம் ஆண்டில் போர் மூண்டு பாதைகள் மூடின. டொக்டர் நாட்டைவிட்டுப் போனார். கொழும்புக்கு மனிதரே போக முடியாதபோது இரத்தம் எப்படிப் போகும்? எங்கள் பாடசாலை ஆய்வுகூடத்தில் விஞ்ஞான ரீச்சர் எனக்கு ஒரு முறை காட்டித்தந்தார். பரிசோதனைக் குழாயில் சிறுநீரை எடுத்து, மேல் பாதியைச் சூடாக்கி, இரண்டு துளி வினாகிரி விட வேண்டும். கலங்கினால் புரதம். தெளிந்தால் நல்லது. மண்ணெண்ணெய் கிடைக்காத காலம். ஜாம் போத்தலில் பஞ்சுத் திரி வைத்து, துளித் துளியாக எண்ணெய் விட்டு எரிக்கும் சிக்கன விளக்குத்தான் எல்லா வீட்டிலும். மாதம் ஒருமுறை, பிள்ளை பள்ளிக்கூடம் போன பிறகு, அந்த விளக்கில் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். சூடு ஏற நேரம் எடுக்கும். அந்த நேரத்தில் அடுத்த மாதமும் இல்லை, போன மாதமும் இல்லை. குழாய்க்குள் இருக்கும் அந்த ஒரு விரல் அளவு நீர் மட்டும்தான் இருக்கும். தெளிவாக இருக்கும். குழாயைக் கழுவிவிட்டு உலை வைக்கப் போவேன்.

இப்படியே ஐந்து வருடம். சில நாட்களில் பயம் வந்தது, ஒளிப்பானேன். விரல் ஒன்று வீங்கினாலும் வந்துவிட்டது என்று கை கழுவிய ஈரத்தோடு உட்கார்ந்துவிடுவேன். இரண்டு நாளில் வீக்கம் வற்றும். என் உடம்பை நான் நம்பவில்லை என்றால், அதுவும் என்னை நம்பாதுதானே என்று ஒருநாள் தோன்றியது. அதற்குப் பிறகு கொஞ்சம் மரியாதையாக நடந்துகொண்டோம், நானும் அதுவும்.

தொண்ணூற்றைந்தில் போர் நெருங்கிவர, எங்கள் பகுதியான வலிகாமம் முழுவதும் ஒரே நாளில் எழும்பி நடந்தது. நாங்களும் நடந்தோம். தென்மராட்சியில் ஒரு பாடசாலையில், ஒரு வகுப்பறையை எட்டுக் குடும்பங்கள் பகிர்ந்திருந்தோம். நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, கொப்பியும் பேனையுமாக ஒரு பிள்ளை வந்தாள். தாதியாகப் படித்துக்கொண்டிருப்பவள். ஒவ்வொருவரிடமும் பெயர், வயது கேட்டாள். பிறகு, "ஏதும் வருத்தம் இருக்கோ?" என்று கேட்டாள். மற்ற ஊர்க்காரருக்காகச் சொல்கிறேன், யாழ்ப்பாணத்தில் வருத்தம் என்றால் நோய். சீனி வருத்தம், பிறஷர், மூச்சு முட்டு என்று ஒவ்வொருவரும் சொல்ல எழுதிக்கொண்டே வந்தாள்.

இந்தக் கேள்விக்கு என்னிடம் பத்து வருடமாக ஒரு நீண்ட விடை இருந்தது. குறிப்பு இருக்கிறது, நோய் இல்லை, ஆனால் வரலாம், வராமலும் விடலாம், எதற்கும் எழுதிக்கொள்ளுங்கள். எங்கே கேட்டாலும் அதை ஒப்புவிப்பேன். பக்கத்தில் நின்ற என் மகளுக்கே அது பாடம். நான் தொடங்குவதற்காக என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூன்று நாள் நடந்த கால். விறகு கொத்திய கை. அன்று காலை எட்டுக் குடும்பத்துக்கும் கஞ்சி காய்ச்சிய உடம்பு. ஒன்றும் வீங்கவில்லை, ஒன்றும் நோகவில்லை.

"இல்லை," என்றேன்.

அவள் என் பெயருக்கு எதிரே ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்தவரிடம் போனாள்.